ஆத்தங்குடிக் கல் பட்டறையில் அறுந்துபோன டேட்டாபேஸ் தொடர்பு: ஒரு ஃபயர்வால் நிகழ்வு ஆய்வு

காரைக்குடி வட்டாரத்தில் கடை, பட்டறை, தங்கும் விடுதி என்று எங்கே கம்ப்யூட்டர் பார்க்கப் போனாலும் ஒன்றைத் தவறாமல் பார்க்கிறேன். பில் போடும் மென்பொருள் பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றதும் யாரோ ஒருவர் விண்டோஸ் ஃபயர்வாலை, அதாவது வெளியிலிருந்து வரும் தொடர்புகளை வடிகட்டும் காவலை, மொத்தமாக அணைத்துவிட்டுப் போயிருப்பார். அதோடு வேலை நடக்கத் தொடங்கிவிடும். பிறகு அதை யாரும் திரும்பப் போடுவதில்லை, வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம். அதனால்தான் அண்மையில் பார்த்த ஒரு வேலையை ஒன்று விடாமல் இங்கே எழுதுகிறேன். ஊரும் பெயரும் வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டேன்.

இடமும் அமைப்பும்

ஆத்தங்குடிக் கல் போடும் குடும்பப் பட்டறை அது. முன்தெருவில் தொடங்கிப் பின்தெரு வரை நீளும் பழைய வீடு. முகப்பை ஒட்டிய அறையில் அலுவலகம், வளவுத் தாழ்வாரத்தில் ஆர்டர் எடுக்கும் மேசை, இரண்டாங்கட்டில் லாரிக்கு அனுப்பும் கணக்கு, கடைசியில் பின்தெருப் பக்கம் பட்டறை. செங்கலும் சுண்ணாம்புமாக எழுப்பிய தடித்த சுவர்கள். முகப்பில் இருக்கும் வைஃபை இரண்டு கட்டுத் தாண்டுவதற்குள் செத்துப்போகும். இந்தச் சுவருக்கும் பின்னால் வரப்போகும் சிக்கலுக்கும் தொடர்பு உண்டு.

நான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அலுவலக அறையில் இருப்பதில்தான் கணக்கையெல்லாம் வைத்திருக்கும் டேட்டாபேஸ் நிரலான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. மற்ற மூன்றும் அதனோடு பேச வேண்டியவை. மென்பொருள் உள்ளூர் புரோகிராமர் ஒருவர் எழுதிக் கொடுத்தது.

இருப்புக் கணக்கு நான்கு இடத்திலும் ஒன்றாகத் தெரிவது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். ஆத்தங்குடிக் கல் கையால் போடுவது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமென்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து எடுக்கிறார்கள். ஒரே பூவானாலும் வேறு நாளில் கலக்கிய வண்ணம் இலேசாக மாறும். ஒரு கூடத்துக்குப் போகும் கல் முழுக்க ஒரே தடவையில் போட்டதாக இருக்க வேண்டும். ஆகவே எந்தத் தொட்டிக் கல் எத்தனை மிச்சம் என்று பட்டறையில் பதிந்த உடனே ஆர்டர் மேசையில் தெரிந்தாக வேண்டும்.

என்ன ஆனது

இணைய இணைப்பு மாறியபோது முகப்பில் புது ரௌட்டர் வந்தது. இணைப்புக் கொடுக்க வந்தவர், பழைய ரௌட்டரை வீணாக்க வேண்டாமே என்று அதைப் பட்டறையில் வைத்து, அங்கே ஏற்கெனவே போயிருந்த கேபிளை அதில் செருகிவிட்டார். பட்டறையில் போன்களுக்கு வைஃபை கிடைத்தது, எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் அலுவலகக் கம்ப்யூட்டர் தவிர வேறு எதிலும் மென்பொருள் திறக்கவில்லை. மூன்றிலும் ஒரே செய்தி: சர்வரையோ இன்ஸ்டன்ஸையோ (அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வரின் ஒரு தனி நிறுவல்) கண்டுபிடிக்க முடியவில்லை, பிழை 26.

யாரோ போனிலேயே வழி சொல்ல, அலுவலகக் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலை, விண்டோஸ் நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் டொமைன் (மையமாக நிர்வகிக்கும் நிறுவன நெட்வொர்க்), பிரைவேட் (நம்பகமான வீடு, அலுவலகம்), பப்ளிக் (பொது இடம்) என்ற மூன்று வகையிலும் அணைத்துவிட்டார்கள். ஆர்டர் மேசையும் இரண்டாங்கட்டும் உயிர் பெற்றன. பட்டறை மட்டும் வரவில்லை. அங்கே மேஸ்திரி நோட்டில் எழுதி முகப்புக்குக் கொடுத்தனுப்பத் தொடங்கினார். நோட்டு வந்து சேருமுன் ஆர்டர் ஏறிவிடும். ஒரு வீட்டுக்கு இரண்டு தொட்டிக் கல் கலந்து போய் அது பிரச்சினையான பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, முன்னாடி எல்லாம் நல்லாத்தான் ஓடுது. பட்டறையில மட்டும் பாத்துக் குடுங்க, போதும்" என்றார் ஆச்சி.

முதல் சோதனை, சர்வர் இருக்கும் கம்ப்யூட்டரில்

அலுவலகக் கம்ப்யூட்டரில் மென்பொருள் திறப்பதை வைத்து "சர்வர் சரியாக இருக்கிறது" என்று பலரும் முடிவு கட்டுகிறார்கள். அது பாதி உண்மைதான். எஸ்க்யூஎல் சர்வர் தான் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்தே வரும் தொடர்புக்கு ஷேர்டு மெமரி என்ற உள்வழியைப் பயன்படுத்த முடியும். நெட்வொர்க்கே வேண்டாம். எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவும்போது, நெட்வொர்க் வழியாகப் பேசும் முறையான டிசிபி-ஐபி அணைந்த நிலையில்தான் வரும். அந்த நிலையிலும் உள்ளூர்த் தொடர்பு அழகாக வேலை செய்யும். ஆகவே உள்ளே ஓடுவது வெளியிலிருந்து வரும் தொடர்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

சர்வரின் பிழைப் பதிவேட்டைத் திறந்து, அது எந்த போர்ட்டில் (தொடர்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) காது வைத்திருக்கிறது என்று பார்த்தேன். டிசிபி-ஐபி இயக்கத்தில் இருந்தது. போர்ட் எண் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு அருகில் இருந்த ஏதோ ஓர் எண். இது வழக்கமானதுதான். 1433 என்ற எண் பெயரில்லாத இயல்பு இன்ஸ்டன்ஸுக்கு உரியது. எக்ஸ்பிரஸ் பதிப்பு பெயருள்ள இன்ஸ்டன்ஸாக நிறுவப்படுவதால் தானாக ஒரு காலி எண்ணை எடுத்துக்கொள்கிறது. மறுமுறை தொடங்கும்போது அதே எண்ணைப் பிடிக்கப் பார்க்கும். அதற்குள் வேறொரு நிரல் அதை எடுத்திருந்தால் புதிய எண்ணுக்குப் போய்விடும்.

அப்படியானால் மற்ற கம்ப்யூட்டர்களுக்கு எண் எப்படித் தெரியும்? எஸ்க்யூஎல் சர்வர் பிரௌசர் என்ற தனிச் சேவை, யுடிபி என்ற இன்னொரு தொடர்பு முறையின் 1434-ஆம் போர்ட்டில் உட்கார்ந்து, "இந்த இன்ஸ்டன்ஸ் எந்த எண்ணில் இருக்கிறது" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறது. பிழை 26 வந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று அர்த்தம். கேள்வி போய்ச் சேராமலிருக்கலாம், பதில் தடுக்கப்பட்டிருக்கலாம், கம்ப்யூட்டரின் பெயரையே கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கலாம். மூன்றுக்கும் திரையில் தெரிவது ஒரே வரிதான். இந்த வழக்கு நீண்டுபோனதற்கு அதுவே காரணம்.

ஃபயர்வாலைத் திரும்பப் போட்டது

மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து, கொஞ்ச நேரம் எல்லாம் நிற்கும் என்று சொல்லிவிட்டு, மூன்று வகையிலும் ஃபயர்வாலை இயக்கினேன். கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்ததையும் நிறுத்துவானேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிலைக்கதவு இறுகிக்கொண்டு திறக்கவில்லை என்பதற்காக நிலையோடு பெயர்த்தெடுத்தால் போக வர வசதிதான், ராத்திரிக்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

அதே வைஃபையில் பட்டறை ஆட்களின் போன்கள், கேமராப் பெட்டி, கல் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களின் லேப்டாப் எல்லாம் இருந்தன. ஃபயர்வால் அணைந்தால் திறந்து கிடப்பது டேட்டாபேஸ் மட்டுமல்ல, கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டும்தான். 2017 மே மாதம் உலகைச் சுற்றிய வான்னக்ரை அந்த வழியாகத்தான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், போடாதவர்கள் மாட்டினார்கள். 1434-க்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு, 376 பைட் அளவுள்ள ஒரே ஒரு யுடிபி பொட்டலமாக 1434 வழியே நுழைந்தது. மாட்டியவை சுமார் 75,000 கம்ப்யூட்டர்கள். அவற்றில் பெரும்பாலானவை முதல் பத்து நிமிடத்திலேயே விழுந்தன. அதற்கும் ஆறு மாதம் முன்பே திருத்தம் வந்திருந்தது. அந்த ஓட்டைகள் இன்று அடைபட்டுவிட்டன, சரி. அடுத்த ஓட்டை எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் தேவையில்லாத எண் மூடியே இருக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றும் செய்தேன். விண்டோஸ் ஃபயர்வால் தான் தடுத்தவற்றை இயல்பாகக் குறித்துவைப்பதில்லை. மேம்பட்ட ஃபயர்வால் திரையில் ஒவ்வொரு வகையின் பண்புகளுக்குள்ளும் போய், தடுத்த பொட்டலங்களைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். அதை இயக்கிவிட்டு மூன்று கம்ப்யூட்டர்களிலும் மென்பொருளைத் திறக்கச் சொன்னேன். மூன்றிலும் பிழை 26.

பதிவேட்டில் ஆர்டர் மேசையின் முகவரியிலிருந்து யுடிபி 1434-க்கு வந்து தடுக்கப்பட்ட வரிகள் இருந்தன. இரண்டாங்கட்டிலிருந்தும் அப்படியே. பட்டறையிலிருந்து ஒரு வரிகூட இல்லை.

இங்கேதான் வழக்கு இரண்டாகப் பிரிந்தது. முதல் இரண்டும் வாசல்வரை வந்து ஃபயர்வாலிடம் திரும்பியவை. பட்டறைக் கம்ப்யூட்டரின் கேள்வியோ சர்வர்வரை வந்தே சேரவில்லை. ஃபயர்வாலை எத்தனை முறை அணைத்திருந்தாலும் பட்டறை வேலை செய்திருக்காது.

தொலைவிலிருந்து போர்ட் திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். லினக்ஸ் உலகில் "உடனே மறுத்தால் அங்கே யாரும் காது வைக்கவில்லை, வெகுநேரம் தொங்கினால் ஃபயர்வால்" என்று பிரிப்பார்கள். விண்டோஸ் ஃபயர்வால் இயக்கத்தில் இருக்கும்போது இதை நம்ப முடியாது. காது வைக்காத போர்ட்டுக்கும் அது மறுப்பு அனுப்பாமல் மௌனமாகவே இருக்கும். பிங் (அந்தக் கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று கேட்கும் சோதனை) வருவதும் வராததும்கூட டேட்டாபேஸ் போர்ட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சர்வர் பக்கத்துப் பதிவேடுதான் சாட்சி.

இரண்டு காரணங்கள்

முதல் காரணம் ரௌட்டர் மாற்றம். விதிகள் பட்டியலைப் பார்த்தால் எஸ்க்யூஎல் சர்வருக்கும் 1434-க்கும் முன்பே யாரோ அனுமதி கொடுத்துத்தான் இருந்தார்கள், பிரைவேட் வகைக்கு மட்டும். ரௌட்டர் மாறியதும் விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட வீட்டு நெட்வொர்க்கை அது ரௌட்டரின் வன்பொருள் முகவரியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. புதிய நெட்வொர்க் பப்ளிக் வகையில் விழுந்தது, பிரைவேட் விதிகள் தூங்கிவிட்டன. இதற்கு ஃபயர்வாலை அணைத்திருக்கவே வேண்டாம். நெட்வொர்க் அமைப்பில் பிரைவேட் என்று மாற்றியிருந்தால் அன்று காலையே இரண்டு கம்ப்யூட்டர்களும் ஓடியிருக்கும்.

இரண்டாவது பட்டறை. பழைய ரௌட்டரின் இணையத் துளையில் கேபிளைச் செருகியிருந்தார்கள். அப்படிச் செருகினால் ரௌட்டர் தனக்குப் பின்னால் தனியாக ஒரு நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்ளும். முகப்பில் 192.168.0 வரிசை, பட்டறையில் 192.168.1 வரிசை. பட்டறையிலிருந்து சர்வரின் ஐபி முகவரிக்குப் போக வழி இருந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கேட்கவில்லை. டொமைன் இல்லாத சின்ன அலுவலகத்தில் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பெயரால் கண்டுகொள்வது, "இந்தப் பெயர் யாருடையது" என்று சுற்றிலும் கூவிக் கேட்டுத்தான். அந்தக் கூவல் ரௌட்டரைத் தாண்டாது. மென்பொருள் அமைப்பில் சர்வரின் பெயர்தான் எழுதப்பட்டிருந்தது.

தடித்த சுவருள்ள இந்த ஊர் வீடுகளில் இரண்டாவது ரௌட்டர் வைப்பது தவிர்க்க முடியாதது. வைக்கிற முறைதான் முக்கியம். முகவரி வழங்கும் வேலையை அதில் நிறுத்தி, முதன்மை ரௌட்டரின் வரிசையிலேயே அதற்கு ஒரு முகவரி கொடுத்து, கேபிளை இணையத் துளையிலிருந்து எடுத்துச் சாதாரணத் துளையில் செருக வேண்டும். சில ரௌட்டர்களில் அக்சஸ் பாயின்ட் என்ற தெரிவே இருக்கும், அதைத் தேர்ந்தாலும் போதும். பட்டறையில் இதைச் செய்ததும் அந்தக் கம்ப்யூட்டரும் 192.168.0 வரிசைக்கு வந்து சேர்ந்தது.

திறந்தது எதை, எவ்வளவு

இதோடு நிறுத்தி பழைய விதிகளை எழுப்பிவிட்டிருந்தாலும் வேலை நடந்திருக்கும். ஆனால் அந்த விதிகள் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் சர்வர் நிரலுக்கு வழிவிட்டன. போன் முதல் கேமராப் பெட்டி வரை எதுவும் டேட்டாபேஸின் கதவைத் தட்டலாம். அது வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டிசிபி-ஐபி பண்புகளுக்குள் ஐபி முகவரிகள் பக்கத்தின் அடியில், எல்லா முகவரிக்கும் பொதுவான பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே தானியங்கிப் போர்ட் என்ற கட்டத்தைக் காலியாக்கி, கீழே 1433 என்று எழுதினேன். தானியங்கிக் கட்டத்தில் பூஜ்ஜியத்தை விட்டுவைத்தால் அது மீண்டும் தன் விருப்பப்படி எண் எடுக்கும், ஆகவே காலியாகவே இருக்க வேண்டும். சேவையை நிறுத்தித் தொடங்கும்வரை எந்த மாற்றமும் நடப்புக்கு வராது. தொடங்கிய பின் பிழைப் பதிவேட்டில் 1433 என்று வந்ததா என்று பார்த்துக்கொண்டேன்.

நான்கு கம்ப்யூட்டர்களுக்கும் ரௌட்டரில் நிலையான முகவரி ஒதுக்கினேன். முகவரி நாளுக்கு நாள் மாறினால் அடுத்துச் செய்யும் வேலைக்குப் பொருளில்லை.

அதன் பிறகே ஃபயர்வால். பழைய அனுமதி விதிகளை முடக்கிவிட்டு, உள்வரும் தொடர்புக்குப் புதிதாக ஒரே விதி: டிசிபி, இந்தக் கம்ப்யூட்டரின் போர்ட் 1433, பிரைவேட் வகை மட்டும், வரும் முகவரி அந்த மூன்று கம்ப்யூட்டர்களுடையது மட்டும். முகவரியைக் குறுக்கும் இடம் விதியின் ஸ்கோப் பக்கத்தில் இருக்கிறது. விதி எழுதும் வழிகாட்டித் திரைகளில் போர்ட் என்று தேர்ந்தால் அந்தப் பக்கம் வரவே வராது. விதியை எழுதி முடித்தபின் பண்புகளைத் திறந்துதான் போட வேண்டும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை, அதனால் விதி உலகுக்கே திறந்து நிற்கிறது. தடுக்கும் விதி ஏதாவது பட்டியலில் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. ஒரே தொடர்புக்கு அனுமதியும் தடையும் இருந்தால் விண்டோஸில் தடைதான் ஜெயிக்கும், அனுமதி விதியை எத்தனை முறை எழுதினாலும் பயனில்லை.

யுடிபி 1434-ஐத் திறக்கவில்லை. பிரௌசர் சேவையையும் நிறுத்திவிட்டேன். மென்பொருள் அமைப்பில் சர்வரின் பெயர் இருந்த இடத்தில் ஐபி முகவரியும், அதன் பின் ஒரு காற்புள்ளியும், 1433-உம் எழுதினோம். எண்ணை நாமே சொல்லிவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காற்புள்ளிதான், முக்காற்புள்ளி அல்ல. மற்ற டேட்டாபேஸ்களில் பழகியவர்கள் முக்காற்புள்ளி வைத்துவிட்டு ஃபயர்வாலைத் திட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரைவேட் வகைக்கு மட்டும் விதி எழுதியதில் ஒரு குறை உண்டு. மறுபடி ரௌட்டர் மாறினால் மறுபடி நிற்கும். மூன்று வகைக்கும் எழுதிவிடலாமே என்று புரோகிராமர் கேட்டார். முன்பின் தெரியாத நெட்வொர்க்கில் டேட்டாபேஸ் பேசாமல் நிற்பதே நல்லது என்பது என் கருத்து. நின்றால் யாராவது பார்ப்பார்கள். அதனால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் நான்கு வரி எழுதி அந்தக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தோம்.

சரிபார்த்தது

ஆர்டர் மேசையும் இரண்டாங்கட்டும் உடனே திறந்தன. பட்டறையில் வேறொரு செய்தி: உள்நுழைவு தோல்வி, பிழை 18456. மேஸ்திரி முகம் வாடியது. எனக்கு அது நல்ல செய்தி. இந்தப் பிழையைச் சொல்வது சர்வர். அப்படியென்றால் கேபிள், ரௌட்டர், ஃபயர்வால், போர்ட் அத்தனையும் தாண்டித் தொடர்பு உள்ளே போய்விட்டது. சர்வர் பதிவேட்டில் அந்தப் பிழையோடு ஒரு நிலை எண்ணும் இருக்கும். 5 என்றால் அப்படி ஒரு பயனரே இல்லை, 8 என்றால் கடவுச்சொல் தவறு. இங்கே 8. பட்டறை துண்டிக்கப்பட்டுக் கிடந்த நாட்களில் புரோகிராமர் மற்றவற்றில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். புதியதைப் போட்டதும் இருப்புப் பட்டியல் வந்தது. அவர் அதுவரை பயன்படுத்தியது சர்வரின் தலைமைக் கணக்கு. அதற்குப் பதில் அந்த ஒரு டேட்டாபேஸை மட்டும் தொடக்கூடிய தனிக் கணக்கு போட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டு அன்றே செய்தார்.

திறந்தது திறந்ததா என்று பார்ப்பதோடு, மூடியது மூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். என் லேப்டாப்பை அதே நெட்வொர்க்கில் சேர்த்து 1433-ஐத் தட்டினேன், போகவில்லை. பதிவேட்டில் என் முகவரி தடுக்கப்பட்ட வரி வந்தது. ஆட்களின் போன்களுக்கும் வருவோருக்கும் ரௌட்டரில் விருந்தினர் வைஃபை தனியாக இயக்கினோம். கடைசியாக மெயினை அணைத்துப் போட்டு எல்லாம் தானாக எழுகிறதா என்று பார்த்தோம். மின்வெட்டு வரும் ஊரில் இந்தச் சோதனையைச் செய்யாமல் கிளம்பக் கூடாது.

மிச்சமிருந்த ஒரு கேள்வி

ஆச்சியின் மகன் சென்னையில் இருக்கிறார். அங்கிருந்தே இருப்பைப் பார்க்க வேண்டும், ரௌட்டரில் 1433-ஐ வெளியே திறந்துவிடலாமா என்று போனில் கேட்டார். கூடாது என்று உறுதியாகச் சொன்னேன். இணையத்தில் திறந்த 1433-ஐத் தேடி இடைவிடாமல் தட்டிக்கொண்டிருக்கும் நிரல்கள் உண்டு. கண்ணில் பட்டதும் தலைமைக் கணக்குக்குக் கடவுச்சொல்லை ஊகிக்கத் தொடங்கிவிடும். தவிர, ரௌட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருந்த முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவே இருந்தது. இணைப்பு நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பதன் அடையாளம் அது. திறந்தாலும் வெளியிலிருந்து வந்து சேராது.

இதற்குச் சரியான வழி விபிஎன், அதாவது இணையத்தின் ஊடே போடும் பூட்டிய தனிப் பாதை. இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே தொடர்புகொண்டு சந்திக்கும் வகை என்றால் இந்த மாதிரி முகவரிக்குப் பின்னாலும் வேலை செய்யும். அப்போது விதியில் அவருடைய லேப்டாப்பின் விபிஎன் முகவரியை நான்காவதாகச் சேர்த்தால் போதும். அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு செய்வதாகப் பேசியிருக்கிறோம். அதுவரை தினமும் மாலை இருப்புப் பட்டியலைக் கணக்குப் பார்க்கும் அக்கா அவருக்கு அனுப்பிவிடுகிறார்.